கேட்டுப் பார்க்க ஒரு நாற்காலி

1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரியில், ஜெர்மன் இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தன் கடைசிக் காலத்தில் எழுதிய நான்கு பாடல்கள் முதன்முறையாக அரங்கேறின. பாடியவர் நார்வேயைச் சேர்ந்த கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். அன்றைய மேற்கத்திய இசையுலகில் இதைவிடப் பெரிய பெயர்களை ஒரே மேடையில் சேர்ப்பது கடினம். ஆனால் இந்தக் கச்சேரிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் அரங்கில் இல்லை. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார்தான் அவர். அப்போது அவருக்கு முப்பது வயது. கச்சேரியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பணம். சுமார் 20,000 இசைத்தட்டுகள் கொண்டது என்று அப்போதே மதிப்பிடப்பட்ட அவருடைய சேகரிப்பில் இதுவும் சேர வேண்டும் என்று அவர் விரும்பினார்.

கௌரவத்துக்காக ரெக்கார்டு வாங்கிக் குவித்த ராஜா என்று அவரைத் தள்ளிவிட முடியாது. கர்நாடக இசையில் 94 கிருதிகளை இயற்றியவர் அவர். ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னர் லண்டனில் உடல்நலம் குன்றி, உலகத்தால் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த நாளில், அவர் தன் படைப்புகளைத் தானே வாசித்து எச்.எம்.வி.யில் பதிவு செய்வதற்கான செலவை ஏற்றவரும் இந்த உடையார்தான். மெட்னரின் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோ இவருக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டது. ஃபில்ஹார்மோனியாவை நிறுவிய பதிவுத் தயாரிப்பாளர் வால்டர் லெக், 1949இல் மைசூர் வந்து உடையாரைச் சந்தித்தார். அரண்மனை ஒன்றில் தான் கண்டதை அவர் பின்னாளில் வியப்போடு நினைவுகூர்ந்தார்: நினைத்த இசையெல்லாம் கிடைக்கும் ஒரு ரெக்கார்டு நூலகம், கான்செர்ட் கிராண்ட் பியானோக்கள், கூடவே பலவகை ஒலிபெருக்கிகள்.

இந்த மூன்றில் நூலகத்தையும் பியானோவையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். மூன்றாவதாக வரும் ஒலிபெருக்கிகளை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரே இசைத்தட்டை, ஒரே கூரையின் கீழ், வேறு வேறு ஸ்பீக்கர்களில் மாற்றி மாற்றிக் கேட்கும் வசதி 1949இல் உலகத்தில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? அந்த ராஜபோகத்தைத்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஆடியோ கடைகள் சாதாரண மனிதர்களுக்குத் திறந்துவிட்டன. உயர்தர ஆடியோ கடை என்றால் நம் நினைவுக்கு வருவது கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், லட்சங்களில் விலைச்சீட்டு. ஆனால் அந்தக் கடையின் உண்மையான சரக்கு, உள்ளறையில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலி. ஒப்பிட்டுக் கேட்க ஓர் அமைதியான அறை, கேட்கச் சொல்லித்தர ஓர் ஆள், அவசரப்படுத்தாத ஒரு மணி நேரம் ஆகிய மூன்றும் அந்த நாற்காலியோடு சேர்ந்து வருகின்றன. கடைகள் மெலிந்து விற்பனை செல்போன் திரைக்கு மாறும்போது நாம் இழப்பது இவற்றைத்தான். மைசூர் போன்ற ஓர் இசையூர் இந்த இழப்பைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேட்டுப் பார்த்து வாங்கும் பழக்கம் இந்தத் தொழிலோடு கூடவே வளர்ந்தது. 1921இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் எச்.எம்.வி. கடையை இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் திறந்து வைத்தார். அந்தக் காலத்து ரெக்கார்டு கடைகளில் வாடிக்கையாளர் சிறு தடுப்பறைக்குள் போய்த் தட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். இந்தியாவில் இசைத்தட்டின் முதல் நட்சத்திரமான கௌஹர் ஜான், 1902இல் பதிவு செய்யத் தொடங்கி, கடைசியில் மைசூர் அரண்மனையின் பாடகியாக இருந்து 1930இல் இதே ஊரில் காலமானார். ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். அப்போதெல்லாம் கடை என்பது தட்டு விற்கும் இடம். கருவியில் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இறக்குமதி வரி கடுமையாக இருந்ததால் எச்.எம்.வி. ஃபியெஸ்டா, ஃபிலிப்ஸ் போன்ற உள்நாட்டுப் பெட்டிகளும், கொல்கத்தாவில் 1970இல் தொடங்கிய சோனோடைன் போன்ற நிறுவனங்களும்தான் நடுத்தர வர்க்கத்தின் கனவுக்கு எல்லை. வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால் வளைகுடாவில் வேலை பார்க்கும் மைத்துனர் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தது. பெரிய பிராண்டுகளின் ஷோரூம்கள் மும்பை, டெல்லி, சென்னை, பெங்களூர் என்று பெருநகரங்களில் வந்தன. மைசூரிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். இருந்தாலும் ஒரு ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்க்க ரயிலேறிப் போகிறவரையும், பக்கத்துத் தெருவில் நுழைந்து கேட்டுவிட்டு வருகிறவரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது.

ஒரு நல்ல டெமோ எப்படி நடக்கும் என்பதை அருகில் போய்ப் பார்த்தால் இந்த வாதம் விளங்கும். தேர்ந்த கடைக்காரர் முதலில் விலையைப் பேசமாட்டார். கேள்வி கேட்பார்: அறை எவ்வளவு பெரியது, தரை மொசைக்கா, ஜன்னலில் திரை உண்டா, எந்த மாதிரிப் பாட்டு, எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி? பிறகு இரண்டு ஸ்பீக்கர்களையும் கேட்பவரின் தலையையும் சமபக்க முக்கோணமாக வருமாறு அமைப்பார். ஸ்பீக்கரைச் சுவரோரம் தள்ளினால் கீழ்ஸ்தாயி ஊதிப்போகும். மூலையில் வைத்தால் இன்னும் மோசம். அதனால் ஓரிரண்டு அடி முன்னே இழுத்து, உட்புறமாகச் சற்றுத் திருப்பிவைத்து, பாடுகிறவரின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவில் வந்து நிற்கும்வரை நகர்த்துவார். டர்ன்டேபிள் என்றால் வேலை இன்னும் நுணுக்கம். கார்ட்ரிட்ஜின் ஊசி தட்டை அழுத்தும் எடை பெரும்பாலும் இரண்டு கிராமுக்குள்ளேயே இருக்கும். குட்டித் தராசில் அதை அளந்து, ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கும்படி ஸ்குரூவைத் தளர்த்தி முடுக்குவார். இதில் சிறிது பிசகினாலும் தட்டின் கடைசிப் பாட்டில், உட்சுற்றுக்கு ஊசி வரும்போது, பாடகியின் 'ஸ' எல்லாம் கரகரக்கும். ஊசி சரியில்லை என்று வீட்டில் கண்டுபிடிக்கப் பல மாதமாகலாம். கடையில் அது ஐந்து நிமிட வேலை.

அடுத்து வருவதுதான் முக்கியமானது: சத்தத்தைச் சமப்படுத்துவது. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும், நம் காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது; 'தெளிவு அதிகம்', 'உயிர் அதிகம்' என்றே சொல்லும். 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டிய இன்னோர் உண்மையும் இதோடு சேரும்: சத்தம் குறையும்போது கீழ்ஸ்தாயி நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்கிப்போகிறது. ஆகவே ஒலியளவைச் சற்றுத் தூக்கிவைத்தால் போதும், எந்தப் பெட்டியும் மிருதங்கத்தின் தொப்பியைக் கனமாக ஒலிப்பது போலத் தோன்றும். நேர்மையான கடைக்காரர் மீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்திவிட்டுத்தான் ஸ்விட்சைத் தட்டுவார். விற்றே தீர வேண்டியவர், விற்க நினைக்கும் பெட்டிக்கு மட்டும் குமிழைக் கொஞ்சம் கூட்டித் திருகுவார். ஒரே அறை, ஒரே நாற்காலி, கை வேறு. எழுபதுகளில் பிரிட்டனில் லின் என்ற ஆடியோ நிறுவனம், டெமோ அறையில் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் இருக்க வேண்டும், ஒலிக்காத மற்ற ஸ்பீக்கர்களின் கூம்புகளும் அதிர்ந்து இசையைக் கெடுக்கின்றன என்று டீலர்களிடம் வற்புறுத்தியது. அந்த அதிர்வு எவ்வளவு காதில் விழும் என்பதில் சர்ச்சை உண்டு. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டால் ஒரு பயன் விளைந்தது: நாற்பது பெட்டிகளை வரிசையாக அடுக்கிவைத்துக் கத்தவிடும் கிடங்காகக் கடை இருக்க முடியாமல் போயிற்று.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். இந்தத் தொழிலில் சொல்லப்படும் வித்தியாசங்களில் பாதி மனப்பிரமை. அந்த நாற்காலி பிரமையை வளர்க்கும் இடம் என்பார்கள். இதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. 1915 முதல் பத்தாண்டுகள் எடிசன் நிறுவனம் அமெரிக்கா முழுதும் 'டோன் டெஸ்ட்' என்ற பெயரில் நிகழ்ச்சிகள் நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் எடிசன் ஃபோனோகிராஃப். விளக்கை அணைப்பார்கள். எது மனிதக் குரல், எது தட்டு என்று தெரியவில்லை என்று கூட்டம் ஆச்சரியப்பட்டு, அந்தந்த ஊர் டீலரிடம் போய்ப் பெட்டி வாங்கியது. அந்த நிகழ்ச்சிகளில் பாடிய ஆன்னா கேஸ், இயந்திரத்தின் ஒலிக்கு ஏற்றபடி தன் குரலை அடக்கிப் பாடியதாகப் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னார். இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 1994இல் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நாற்பது பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டினார்கள். கண்ணால் பார்த்தபடி கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகள் உயர்ந்த மதிப்பெண் பெற்றன. திரையிட்டு மறைத்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. கேட்டவர்கள் வெளியார்கூட அல்ல. அதே ஹார்மன் ஊழியர்கள். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தர எஸ்.ஏ.சி.டி. ஒலியையும் அதையே சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மறைத்துவைத்துப் பலரிடம் கேட்டார்கள். 554 முயற்சிகளில் 276 முறை விடை சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும்.

இந்த ஆதாரங்களை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒரு மீட்டர் கேபிளுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கேட்கும் கடைக்கு இவற்றால் விழும் அடி நியாயமானது. ஆனால் இதே ஆய்வுகளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தால், வாதம் நாற்காலிக்குச் சாதகமாகத் திரும்புகிறது. ஸ்பீக்கர்களை மறைத்துக் கேட்டபோதும் அந்த நாற்பது பேருக்கு வித்தியாசம் தெரியாமல் போகவில்லை. தெரிந்தது, வரிசைதான் மாறியது. 2003இல் ஆலிவ் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் ஆடியோ கடைக்காரர்கள், விமர்சகர்கள், கல்லூரி மாணவர்கள், பயிற்சி பெற்றவர்கள் என 268 பேர் கலந்துகொண்டார்கள். எது நல்ல ஸ்பீக்கர் என்பதில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள். வேறுபாடு எதில் என்றால், பயிற்சி பெற்றவர்கள் தங்கள் முடிவில் மற்றவர்களைவிடப் பல மடங்கு உறுதியாகவும் ஒரே மாதிரியாகவும் இருந்தார்கள். இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. சாதாரணக் காது மட்டமான காது இல்லை; அதைப் பழக்கினால் அது கூர்மையாகும். காதைப் பழக்க ஒப்பிட்டுக் கேட்பதை விட்டால் வேறு வழி கிடையாது. பிரமை என்ற மறுப்பு உடைப்பது டெமோவை மோசமாக நடத்தும் கடையைத்தான். டெமோ என்ற ஏற்பாட்டை அது இன்னும் அவசியமாக்குகிறது. கண்ணை ஏமாற்றும் பெட்டியிலிருந்து காப்பாற்றுவது, பெயரைக் காட்டாமல் போட்டுக்காட்டும் நேர்மையான அறைதான்.

வித்தியாசங்கள் எல்லாம் ஒரே அளவானவையும் அல்ல. ஒழுங்காக வடிவமைத்த இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையில், அவற்றின் சக்திக்கு உட்பட்டு ஒலிக்கும்வரை, வேறுபாடு மிகச் சிறியது. கேபிள்களுக்கு இடையில் அதைவிடச் சிறியது. ஸ்பீக்கர்களுக்கு இடையில் பெரியது. அறைகளுக்கு இடையில் அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். அறையின் வலிமையை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895இல் அங்கே ஒரு புதிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது புரியவே இல்லை; ஒரு சொல்லின் எதிரொலி ஐந்தரை விநாடி தங்கியது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று இரவில் உட்கார்ந்து அளந்தார் சபைன். மைசூரின் பழைய வீடுகளை இதோடு வைத்துப் பாருங்கள். சிவப்புக் காவித் தரை அல்லது மொசைக், சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, மரத்தாலான நாலைந்து சாமான்கள். மெத்தையே இல்லாத சபைனின் கூடம்தான் அது. இன்னொரு கணக்கும் உண்டு: 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்கிவிடும். சுவரோரம் உட்கார்ந்தால் கீழ்ஸ்தாயி இடிக்கும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். அந்த அறைக்கு இரண்டு லட்ச ரூபாய் ஸ்பீக்கரைவிட ஒரு கனத்த ஜமக்காளமும், நிறையப் புத்தகம் அடுக்கிய அலமாரியும் முதலில் தேவைப்படலாம். இதைச் சொல்லக்கூடியவர் அந்தத் தரையைப் பற்றி விசாரித்த கடைக்காரர்தான். விற்பனைக் கணக்குப்படி பார்த்தால் அவர் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. சொல்கிறாரா இல்லையா என்பதே அந்தக் கடைக்கு நாம் வைக்கும் பரீட்சை.

இணையத்தில் ஆயிரம் விமர்சனங்கள் கிடக்கின்றன, அளவீட்டு வரைபடங்கள் இலவசம், பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம், கடை எதற்கு என்று அடுத்த மறுப்பு வரும். இதில் உண்மை உண்டு. முழுமையான அளவீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு ஸ்பீக்கரைப் பற்றி அது நிறையவே சொல்லும். மோசமான பெட்டியை வாங்காமல் தப்பிக்க வரைபடம் போதும். ஆனால் நல்ல பெட்டிகள் நான்கு இருக்கும்போது, என் அறைக்கும் என் சங்கீதத்துக்கும் எது என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதில் இல்லை. பட்டுப்புடவை எடுக்க வந்த பெண்மணி, எவ்வளவு விளக்கு எரிந்தாலும் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்க்கிறார். அதை யாரும் வீண் வேலை என்பதில்லை. திருப்பி அனுப்பும் வசதியும் ஒப்பீட்டுக்கு ஈடாகாது. ஒரு பெட்டி வீட்டுக்கு வந்தால் நாலு நாளில் காது அதற்குப் பழகிவிடும்; பழகியதையே நல்லது என்று மனம் சொல்லத் தொடங்கும். இரண்டை அடுத்தடுத்துக் கேட்டால்தான் எதில் என்ன குறை என்று பிடிபடும். அதோடு நாற்பது கிலோ ஸ்பீக்கரைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் திணித்து அனுப்பும் உற்சாகம் எத்தனை பேருக்கு இருக்கும் என்பதையும் விற்பவர் நன்றாக அறிவார்.

இது பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மகாராஜாவில் தொடங்கிய கட்டுரைக்கு அது இன்னும் பொருந்தும். விலையை எடுத்துக்கொண்டால் குற்றச்சாட்டு சரிதான். குறிப்பிட்ட ஒரு கட்டத்துக்கு மேல் விலை இரட்டிப்பாகும்போது ஒலியில் கிடைப்பது நூலளவு. மிச்சம் மர வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும். ஆனால் நாற்காலிக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. வாங்க வசதியில்லாத கல்லூரி மாணவனும் அரை மணி நேரம் உட்கார்ந்து, நல்ல ஒலி எது என்று ஒருமுறை காதில் பதியவைத்துக்கொள்ள முடிந்தால், அதற்குப் பிறகு பழைய சாமான் கடையில் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கும் ஆம்ப்ளிஃபயரையும் அவன் அறிந்து வாங்குவான். கேட்கும் வசதி பொதுச்சொத்தாக இருந்ததற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. 1924இல் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் நொடித்தபின், அதன் கருவியை ஏற்ற சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, ரேடியோ வாங்க முடியாதவரையும் கேட்கவைத்தது. மைசூரில் 1935இல் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி தன் வீட்டிலேயே சிறு ஒலிபரப்பியை வைத்து ஆகாசவாணி நிலையத்தைத் தொடங்கினார். நல்ல ஒலி தனக்கு மட்டும் என்று இவர்கள் யாரும் நினைக்கவில்லை.

மைசூர்க்காரர் இன்னொரு கேள்வி கேட்பார்: வருஷம் முழுதும் கச்சேரி நடக்கும் ஊரில் பெட்டி எதற்கு? நேரில் கேட்பதே சங்கீதம் என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இன்று நேரில் கேட்பதும் பெரும்பாலும் ஸ்பீக்கர் வழியேதான். பந்தலிலும் சபாவிலும் வித்வானுக்கும் நமக்கும் நடுவே மைக்கும் மிக்சரும் ஒலிபெருக்கியும் உட்கார்ந்திருக்கின்றன. மைக் பரவாத காலத்தில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்ற குறையைத் தீர்க்க, மைசூர் டி. சௌடையா வயலினில் தந்திகளைக் கூட்டி ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். ஒலியைக் கூட்டினாலும் நாதம் கெடக் கூடாது என்ற கவலையைக் கருவிக்குள்ளேயே தீர்த்துக்கொண்ட ஊர் இது. வீணைக்கு இந்தக் கவலை இன்னும் பொருந்தும். வீணை சேஷண்ணா, வி. தொரைசாமி ஐயங்கார் என்று வளர்ந்த மைசூர் வாசிப்பில் பாதி சங்கீதம் மீட்டிய பிறகு வருவது: தந்தியை இழுத்துப் பிடிக்கும் கமகம், அது தேய்ந்து மறையும் வால். அந்த வாலைத்தான் மட்டமான மைக்கும் ஸ்பீக்கரும் முதலில் விழுங்கும். தம்பூராவின் குதிரையில் ஜீவா நூலை நகர்த்தினால் எழும் மேல்ஸ்தாயி ரீங்காரத்துக்கும் இதே கதிதான். ஆகவே ஆடியோ கடைக்குப் போகிறவர் அவர்கள் போடும் ஜாஸ் பாட்டில் மயங்காமல், தனக்குப் பழகிய ஒரு வீணைப் பதிவையும் தம்பூரா சுருதியோடு பாடும் ஒரு குரலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இந்த இரண்டையும் தாங்கும் பெட்டி மற்றதையும் தாங்கும். இப்படிக் கேட்டுப் பழகியவர் சபாவிலும் சும்மா இருக்கமாட்டார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எழுந்து நிற்பார்.

கேட்கும் காதும் கருவியில் ஒரு பகுதிதான். வயது ஏற ஏற உயர்ந்த அலைவரிசைகள் முதலில் கேட்காமல் போகும். அறுபதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அனேகமாக மௌனம். உயர்தர ஆடியோ வாங்கப் பணம் சேர்வதோ பெரும்பாலும் அந்த வயதை ஒட்டித்தான். 40,000 ஹெர்ட்ஸ்வரை ஒலிக்கும் என்று விளம்பரம் செய்யும் ஸ்பீக்கரை அவர் வாங்கினால், காசில் ஒரு பகுதி வௌவாலுக்குத்தான் போகிறது. மைசூரில் மானசகங்கோத்ரியில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965 முதல் இயங்கி வருகிறது; நாடெங்கும் செவித்திறன் வல்லுநர்களை உருவாக்கும் இடம் அது. லட்ச ரூபாய்க்குப் பெட்டி தேடும் ஒருவர் அதற்குமுன் செவித்திறன் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டால், எந்தக் கடைக்காரரும் தராத தகவல் அவர் கையில் இருக்கும்.

இசைப் பல்கலைக்கழகம், செவித்திறன் நிறுவனம், சபாக்கள், ஒரு மகாராஜாவின் ரெக்கார்டு மரபு என எல்லாம் ஒரே ஊரில் சேர்ந்திருப்பது அபூர்வம். இல்லாதது பொதுக் கேட்பறை ஒன்றுதான். நூலகத்தின் ஒரு பகுதியாகவோ, கங்குபாய் ஹங்கல் இசைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அறையாகவோ அதை அமைக்கலாம். பெரிய செலவு இல்லை. எதிரொலியை அடக்கிய சுமாரான ஓர் அறை, வேறு வேறு விலையில் மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள், ஒரு டர்ன்டேபிள், சத்தத்தைச் சமப்படுத்த ஒரு மீட்டர், எது ஒலிக்கிறது என்று தெரியாமல் மறைக்க ஒரு மெல்லிய திரை, நடத்தத் தெரிந்த ஓர் ஆள். கடைகளில் பல ஆண்டு இந்த வேலை செய்து, கடை மூடியதும் வேறு தொழிலுக்குப் போய்விட்டவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய காதுக்கும் கைத்திறனுக்கும் இங்கே மதிப்பு இருக்கும். விற்க எதுவும் இல்லாத அறை என்பதால், கடையின் மீது வைக்கும் சந்தேகமும் அதன் மீது விழாது. அதுவரை, இருக்கும் கடைகளைக் கேட்டு வாங்கும் உரிமையால் அளப்பது நம் கையில்தான் இருக்கிறது. சத்தத்தைச் சமப்படுத்துவீர்களா, என் பாட்டைப் போடுவீர்களா, என் வீட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்க்கத் தருவீர்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் 'ஆமாம்' என்கிற கடை, இணையத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விலை கேட்டாலும் கொடுக்கலாம். அந்தக் கூடுதல் பணத்தில்தான் நாற்காலிக்கு வாடகை கட்டுகிறார்கள்.